நடுவருக்கு யார் துணை?

2022-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் பிசிசிஐ நடத்திய இரண்டாம் நிலை நடுவர் தேர்வை எழுதியவர்கள் சுமார் 140 பேர். தேறியவர்கள் மூன்றே பேர். மொத்த மதிப்பெண் 200. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கும் காணொளித் தேர்வுக்கும் தலா 35, உடற்தகுதிக்கு 30. அந்த வினாத்தாளில் இருந்த ஒரு கேள்வி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பெவிலியனின் நிழலோ, மரத்தின் நிழலோ, ஃபீல்டரின் நிழலோ ஆடுகளத்தில் விழுகிறது, பேட்ஸ்மேன் முறையிடுகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? பெவிலியனின் நிழலையும் மரத்தின் நிழலையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால் அறிவிக்க வேண்டும். இதுதான் விடை.

கேள்வி நல்ல கேள்விதான். சட்டம் தெரியாதவர் நடுவராக நிற்கக் கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆட்டத்தில் இந்தக் கேள்வி வினாத்தாளாக வந்து காத்திருப்பதில்லை. பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார். நடுவரின் கண் அவருடைய முன்னங்கால் விழப்போகும் கோட்டுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். மாலை வெயிலில் சில்லி பாயிண்டில் நிற்பவரின் நிழல் அசைவது ஓரக்கண்ணில் படும். அந்தக் கணத்திலேயே டெட் பால் என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பந்தில் விக்கெட் விழுந்திருக்கும் என்று நம்பும் பவுலரின் கோபத்தையும் அடுத்த நிமிடமே தாங்க வேண்டும். விடைத்தாளில் முழு மதிப்பெண் வாங்கியவரும் இந்த இடத்தில் தடுமாறலாம். அது அவருடைய அறிவுக் குறைவு அல்ல. அந்த இடத்துக்கு அவரை யாரும் தயார் செய்யவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பச் சொல்லப்படும் வழி, வழிகாட்டித் திட்டம். தேர்வில் தேறிய புதிய நடுவருக்கு, பல ஆண்டு மைதானத்தில் நின்ற ஒருவரை ஒன்றிரண்டு சீசன்களுக்குத் துணையாக அமர்த்துவது. மாநிலக் கிரிக்கெட் சங்கங்களும் மாவட்டச் சங்கங்களும் இதை முறையாகத் தொடங்க வேண்டுமா? தொடங்கினால் எந்த வடிவில்? கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் யோசனைதான். அதனாலேயே அதற்கு எதிரான வாதங்களையும் சேர்த்து எடைபோடுவது அவசியமாகிறது.

முதலில், துணை எதற்குத் தேவை என்பது தெளிவாக வேண்டும். பந்துவீச்சு முனையில் நிற்கும் நடுவர் பவுலரின் முன்னங்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு, வேகப்பந்தானால் அரை நொடிக்கும் குறைவான நேரத்துக்குள், பார்வையை மறுமுனைக்கு உயர்த்த வேண்டும். பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, ஸ்டம்பை நோக்கிப் போயிருக்குமா, அதற்கு முன் மட்டையில் உரசியதா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் காண வேண்டும். பதினொரு பேர் ஒரே குரலில் அப்பீல் செய்யும்போது அவசரப்படாமல் நிற்க வேண்டும். ரன் அவுட்டுக்கு ஓடி எந்தப் பக்கம் போய் நின்றால் கிரீஸ் கோடு மறைக்கப்படாமல் தெரியும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்க வேண்டும். இரண்டு பந்துகளுக்கு இடையே மனத்தைத் தளர்த்தி, பவுலர் திரும்பியதும் மீண்டும் குவிக்கும் பழக்கம் வேண்டும். ஆறு மணி நேரமும் ஒரே தீவிரத்தில் நிற்க யாராலும் முடியாது. இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஒரு முடிவு தவறாகிவிட்டது என்று உணர்ந்த பிறகு அடுத்த பந்துக்குத் தயாராவது. அந்த உறுத்தலில், எதிரணிக்குச் சாதகமாக ஒரு முடிவைக் கொடுத்துச் சமன் செய்துவிடலாம் என்ற சபலம் எழும். அதற்கு இடம் கொடுத்தால் ஒரு தவறு இரண்டாகும். இவற்றில் எதையும் புத்தகத்தால் கற்றுத்தர முடியாது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பிறகு உட்கார்ந்து பேசினால் மட்டுமே முடியும்.

இரண்டாவதாக, இப்படிப்பட்ட துணை இப்போதே சிலருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அமைப்பாக இல்லாமல், வாய்ப்பாக. 2020-இல் தமது 36-ஆம் வயதில் ஐசிசியின் உயர்நிலை நடுவர் குழுவான எலைட் பேனலுக்கு உயர்ந்த நிதின் மேனன், அப்போது அந்தக் குழுவில் இருந்தவர்களில் மிக இளையவர். அவருடைய தந்தை நரேந்திர மேனன் ஒருநாள் பன்னாட்டு ஆட்டங்களில் நடுவராக நின்றவர். வீட்டிலேயே கேட்டுத் தெளியும் வசதி மகனுக்கு இருந்தது. அவருடைய திறமையை இது குறைக்காது. திறமைக்குத் துணை அமைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் காட்டுகிறது. எஸ். வெங்கட்ராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்ட்கள் ஆடி, அணித் தலைவராகவும் இருந்துவிட்டு நடுவரானவர். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட்களில் நின்றார். 2002-இல் ஐசிசி அமைத்த முதல் எலைட் பேனலின் எட்டுப் பேரில் ஒருவர். இலங்கையின் குமார தர்மசேன 31 டெஸ்ட்கள் ஆடியவர். 2012-இலும் 2018-இலும் ஐசிசியின் சிறந்த நடுவர் விருதைப் பெற்றார். ஆடி முடித்து வருபவர்களுக்கு வீரர்களின் மனப்போக்கும் தெரியும். சந்தேகம் கேட்கப் பழைய நண்பர்களும் இருப்பார்கள்.

அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களை நினைத்துப் பாருங்கள். சென்னையைச் சேர்ந்த ஜனனி நாராயணன் மென்பொருள் துறையில் வேலை செய்துகொண்டிருந்தவர். நடுவராக வேண்டும் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கதவைப் பலமுறை தட்டிய பிறகே பெண்களுக்கு அங்கே வழி திறந்தது. 2018-இல் பிசிசிஐ தேர்வில் தேறினார். வேலையை விட்டு முழுநேர நடுவரானார். 2023 ஜனவரியில் விருந்தா ரதி, காயத்ரி வேணுகோபாலன் ஆகியோருடன் ரஞ்சிக் கோப்பையில் நின்ற முதல் பெண் நடுவர்கள் மூவரில் ஒருவரானார். ஆஸ்திரேலியாவின் கிளேர் போலோசாக் கிரிக்கெட் ஆடியதே இல்லை. நடுவர் தேர்வில் பலமுறை தோற்று, விடாமல் எழுதித் தேறி, 2019-இல் ஆண்களின் ஒருநாள் பன்னாட்டு ஆட்டத்தில் நின்ற முதல் பெண் நடுவரானார். இவர்கள் வென்றது தனிமனித உறுதியால். ஆனால் எல்லாரிடமும் அத்தகைய உறுதியை எதிர்பார்க்கும் அமைப்பு நியாயமான அமைப்பு ஆகாது. நடுவரின் மகனுக்கும் முன்னாள் வீரருக்கும் இயல்பாகக் கிடைக்கும் துணையை, யாரையும் தெரியாமல் வரும் ஒரு பெண்ணுக்கும், கிராமத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கும் கிடைக்கச் செய்வதுதான் வழிகாட்டித் திட்டத்தின் அடிப்படை நியாயம். திறன் வளர்ப்பதைவிடவும் இந்தச் சமநீதிக் காரணமே எனக்கு வலுவானதாகப் படுகிறது.

வெங்கட்ராகவன் ஓய்வு பெற்ற 2004-க்கும், எஸ். ரவி எலைட் பேனலில் சேர்ந்த 2015-க்கும் இடையே அந்தக் குழுவில் ஓர் இந்தியர்கூட இல்லை. உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் நாட்டில் பதினொரு ஆண்டு வெற்றிடம். இதற்கு வழிகாட்டிகள் இல்லாததே காரணம் என்று சொன்னால் அது மிகை. தேர்வு முறை, நியமன முறை, ஊதியம், உள்நாட்டு ஆட்டங்களின் சூழல் என்று பலவும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் ஆடுபவர்களை வளர்க்கச் செலவழித்த கவனத்தில் சிறு பங்குகூட நடுவர்களுக்குப் போகவில்லை என்பதற்கு அந்த ஆண்டுகள் சாட்சி. ஐசிசி இதை வேறு விதமாகப் பார்த்தது. 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் சிறந்த நடுவர் விருது பெற்ற சைமன் டாஃபல், 2012-இல் களத்திலிருந்து விலகியதும், நடுவர்களின் செயல்திறனையும் பயிற்சியையும் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த, இன்னும் பல ஆண்டுகள் நின்றிருக்கக்கூடிய ஒருவர் அடுத்தவர்களை வளர்க்கும் வேலைக்கு வந்தார். அந்த வேலைக்கு உரிய மதிப்பு அது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, தொழில்நுட்பம். 2008-இல் இந்திய-இலங்கை டெஸ்ட் தொடரில் சோதித்துப் பார்க்கப்பட்ட டிஆர்எஸ் என்ற முடிவு மறுஆய்வு முறை இன்று எங்கும் நிலைத்துவிட்டது. 2019 ஐபிஎல்லில் பெங்களூரில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தில் மலிங்கா கோட்டைத் தாண்டியதை எஸ். ரவி கவனிக்கவில்லை, பெரும் சர்ச்சையானது. அடுத்த ஆண்டுக்குள் முன்னங்கால் நோ-பாலைப் பார்க்கும் பொறுப்பு ஐபிஎல்லில் தொலைக்காட்சி நடுவரிடம் போய்விட்டது. இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனிதரை ஏன் இவ்வளவு பாடுபட்டு வளர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த வாதம் தொலைக்காட்சியில் காட்டப்படும் ஆட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். சென்னை லீக்கின் கீழ் டிவிஷன் ஆட்டத்திலும், மாவட்டப் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலும் கேமரா கிடையாது. இரண்டு பேரின் கண்ணும் காதும்தான். டிஆர்எஸ் இருக்கும் இடத்திலும், எல்பிடபிள்யூவில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை உரசிப் போகும் என்று காட்டினால், களத்தில் நடுவர் முதலில் சொன்ன முடிவே நிற்கிறது. நெருக்கமான தருணத்தில் இயந்திரமே மனிதரின் முடிவுக்குத்தான் வழிவிடுகிறது. முதல் எதிர்வாதம் நிற்காது.

இரண்டாவது, பணம். ஊதியத்தை உயர்த்தினால் திறமையானவர்கள் தானாக வருவார்கள் என்பது இந்த வாதம். 2022-இல் பிசிசிஐ தன் நடுவர்களைப் புதிதாகத் தரம் பிரித்தபோது, மேல் தட்டான ஏ பிளஸ், ஏ பிரிவினருக்கு நாளொன்றுக்கு 40,000 ரூபாயும், பி, சி பிரிவினருக்கு 30,000 ரூபாயும் நிர்ணயித்தது. நல்ல மாற்றம். ஆனால் இந்தப் பணம் ஏணியின் மேல்படிகளில் இருக்கிறது. கீழ்ப்படியில் நிற்பவர் அதை அடையும் முன்பே களைத்து விலகிவிட்டால் அந்தத் தொகையால் அவருக்கு என்ன பயன்? மேலும், பணம் ஆளை அழைத்து வரும், அவருக்குக் கற்றுக்கொடுக்காது. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வழிகாட்டித் திட்டம் ஊதியத்துக்கு மாற்றாக முடியாது என்பதே அந்தப் பாதி.

மூன்றாவது எதிர்வாதம் களத்தை அறிந்தவர்களிடமிருந்து வருகிறது. கிரிக்கெட்டில் இரண்டு நடுவர்கள். ஒரு மூத்தவரையும் ஒரு புதியவரையும் சேர்த்து நிறுத்தினால் போதாதா, அதற்கென்று ஒரு திட்டம் எதற்கு என்கிறார்கள். சேர்த்து நிறுத்துவது நல்ல வழக்கம், தொடர வேண்டும். ஆனால் ஸ்கொயர் லெக்கில் நிற்கும் மூத்தவருக்கு அவருடைய வேலையே இருக்கிறது. கிரீஸ், ஸ்டம்பிங், எகிறும் பந்துகளின் உயரம், லெக் பக்கத்து ஃபீல்டர்களின் எண்ணிக்கை என்று அவர் கவனம் அங்கே கட்டப்பட்டிருக்கிறது. புதியவர் பார்வையை எப்போது உயர்த்துகிறார், தலை அசைகிறதா, விரலைத் தூக்கும் முன் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதை அவர் உற்றுப் பார்க்க முடியாது. அவருடைய முடிவுகளுக்கும் சேர்த்தே ஆட்டம் முடிந்ததும் அறிக்கை போகிறது; தம் பெயரைக் காப்பதே அவருடைய முதல் கவலை. ஆகவே துணை நிற்பவர் வேறு, எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பவர் வேறு. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது.

நான்காவது எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. வழிகாட்டி தம் நல்ல பழக்கங்களோடு கெட்ட பழக்கங்களையும் கைமாற்றிவிடுவார் என்பது அது. முன்காலை நீட்டி ஆடினால் எல்பிடபிள்யூ கொடுக்கவே மாட்டேன் என்ற பழைய பிடிவாதம், பெரிய கிளப் என்றால் குரலைத் தாழ்த்தும் பழக்கம், இளையவரை அதட்டி அடக்குவதுதான் ஒழுங்கு என்ற நினைப்பு ஆகியவை நம் மைதானங்களில் இல்லாதவை அல்ல. இதோடு ஆள் பிடிப்பதும் சேர்ந்துகொள்ளும். இவர் என் பையன், அவர் அவருடைய பையன் என்று நடுவர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்தால், திட்டம் இல்லாத காலத்தைவிட மோசமான நிலை வரும். நல்ல நடுவர் எல்லாரும் நல்ல வழிகாட்டி அல்ல. தாம் செய்வதைச் சொல்லிக் காட்டத் தெரியாத வல்லவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆகவே பணிமூப்பை மட்டும் பார்த்து வழிகாட்டிகளை அமர்த்தும் திட்டம், தொடங்காமல் இருப்பதே மேல்.

ஐந்தாவது, என் பார்வையில் மிகக் கனமானது. இன்றைய நடுவர் எப்போதும் மதிப்பிடப்படுகிறார். ஆட்டத்தை மேற்பார்வையிடும் மேட்ச் ரெஃப்ரி அறிக்கை எழுதுகிறார். அணித் தலைவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். அவற்றைப் பொறுத்தே அடுத்த சீசனின் நியமனங்கள். வழிகாட்டியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிவிட்டால் என்ன நடக்கும்? அந்த எல்பிடபிள்யூவில் பந்து மட்டையில் பட்டது போலத் தோன்றியது, ஆனாலும் கை உயர்ந்துவிட்டது என்று புதியவர் மனம் திறந்து சொல்லவே மாட்டார். உறுதியாகத்தான் கொடுத்தேன் என்பார். வழிகாட்டி தலையை அசைப்பார். இருவரும் நேரத்தைச் செலவழித்திருப்பார்கள். யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். நடுவர் தம் சந்தேகத்தைச் சொல்லும் இடம்தான் கற்றல் தொடங்கும் இடம். மதிப்பெண் போடுபவரிடம் சந்தேகத்தைச் சொல்ல எந்த மனிதரும் துணியார்.

சங்கத் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நாங்கள் பணம் கொடுத்து ஒருவரை அனுப்புகிறோம், அவர் பார்த்ததை எங்களுக்குச் சொல்லக் கூடாதா, சொல்லாவிட்டால் அவர் வேலை செய்தாரா என்று எப்படித் தெரியும்? கேள்வி சரியானது. அதற்கு விடை, தனி மனிதரைப் பற்றிய அறிக்கை கேட்பதில் இல்லை. திட்டத்தின் பலனை வேறு வகையில் அளப்பதில் இருக்கிறது. தேறியவர்களில் எத்தனை பேர் மூன்று சீசனுக்குப் பிறகும் நிற்கிறார்கள்? விலகியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? தம் வழிகாட்டியைப் பற்றிப் புதியவர்கள் என்ன சொல்கிறார்கள்? வழிகாட்டி இருந்தவர்களின் மதிப்பீடு, வழக்கமான அறிக்கைகளில், இல்லாதவர்களைவிட உயர்ந்திருக்கிறதா? இவ்வளவும் தெரிந்தால் போதும். சூதாட்டத் தொடர்பும் துன்புறுத்தலும் மட்டும் விதிவிலக்கு. அவற்றை அறிந்தால் வழிகாட்டி கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசி எதிர்வாதம், திட்டத்தின் எல்லையைக் காட்டுவது. புதிய நடுவர்களை விரட்டுவது அவர்களுடைய திறன் குறைவு மட்டும் அல்ல, வசையும் மிரட்டலும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2023-இல் உள்ளூர் ஆட்ட நடுவர்களின் உடலில் கேமரா பொருத்திச் சோதனை தொடங்கியது, அவர்கள் மீதான வசைகளைக் கட்டுப்படுத்துவதற்காகத்தான். ஒரு வழிகாட்டி ஆறுதல் சொல்லலாம். பயிற்சியாளரின் நாக்கை அடக்க அவரால் முடியாது. 2008-இல் இந்தியா ஆடிய சிட்னி டெஸ்ட்டில் நேர்ந்த நடுவர் தவறுகளுக்குப் பிறகு, பிசிசிஐயின் அழுத்தத்தால் ஸ்டீவ் பக்னர் அடுத்த பெர்த் டெஸ்ட்டிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவு பெரிய நடுவருக்கே அமைப்பின் துணை தளர்ந்தபோது, மாவட்ட மைதானத்தில் நிற்கும் இருபது வயது இளைஞர் என்ன நம்பிக்கையில் நிற்பார்? வசை பேசும் கிளப்புக்குத் தண்டனை விதிக்காத சங்கம் வழிகாட்டித் திட்டம் தொடங்கினால், அது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலைதான்.

எல்லாவற்றையும் எடைபோட்டு நான் வந்து சேரும் தீர்ப்பு இது. வழிகாட்டித் திட்டம் தேவை. தொழில்நுட்பமும் ஊதியமும் தேர்வும் அதன் இடத்தை நிரப்ப முடியாது. ஆனால் எந்த வடிவிலும் தொடங்கினால் போதும் என்ற நிலைப்பாட்டை ஏற்க மாட்டேன். ஆறு நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே அது பயன் தரும். வழிகாட்டி, நியமனக் குழுவிலும் மதிப்பீட்டிலும் இடம்பெறாதவராக இருக்க வேண்டும். பணிமூப்பை மட்டும் பார்க்காமல், கற்பிக்கும் திறன் பார்த்துத் தேர்ந்து, அவருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். தொலைபேசியில் விசாரிப்பதோடு நிற்காமல் மைதானத்துக்கு வந்து முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு நடுவருக்குக் கொடுப்பது போலவே நாள்படி கொடுக்க வேண்டும். ஒருவரிடம் நான்கு பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. ஒத்துப்போகாதபோது வழிகாட்டியை மாற்றிக்கொள்ளும் உரிமை புதியவருக்கு இருக்க வேண்டும். நடுவரை வசைபாடும் அணியின் மீது புள்ளிக் குறைப்பு போன்ற நடவடிக்கை அதே சீசனில் நடைமுறைக்கு வர வேண்டும்.

இவற்றில் ஒன்றை மட்டுமே கேட்க முடியும் என்றால் முதல் நிபந்தனையையே கேட்பேன். மற்ற ஐந்தும் குறைந்தால் திட்டம் பலவீனப்படும். முதலாவது இல்லாவிட்டால் அது இன்னொரு மதிப்பீட்டுக் குழுவாக மாறிவிடும். அடுத்த சீசனின் ஆட்ட அட்டவணையைத் தயாரிக்கும் முன், மாவட்டச் சங்கங்கள் ஓய்வுபெற்ற நடுவர்களிலிருந்து ஒரு சிலரை அழைத்து, நியமனப் பொறுப்பு எதுவும் கொடுக்காமல், புதியவர்களின் ஆட்டங்களுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். ஒரு மாவட்டத்தில் ஒரு சீசன் நடத்த ஆகும் செலவு சிறியது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் ஆண்டுதோறும் நாம் இழக்கும் நடுவர்களின் விலை அதைவிடப் பெரியது.